டின்னிலிருந்து டிரம்முக்கு: கிருஷ்ணகிரி மாங்கூழும் பேக்கிங் சான்றிதழ்களின் வரலாறும்

உணவை அடைக்கும் டின்னுக்கும் பைக்கும் டிரம்முக்கும் தனியே உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் மிகப் புதியது. உலக அளவிலேயே அதற்கு இன்னும் முப்பது வயது நிரம்பவில்லை. அதற்கு முன் உணவுக்குத்தான் சட்டம் இருந்தது. உணவைச் சுமக்கும் கொள்கலன், ஆலைக்காரர் கண்ணால் பார்த்துத் தட்டிப் பார்த்து வாங்கும் சரக்காகவே இருந்தது. கண்ணால் பார்த்து வாங்கிய சரக்கு எப்படிக் காகிதத்தை நம்பி வாங்கும் சரக்காக மாறியது என்பதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ்த் தொழில் தெளிவாகக் காட்டுகிறது.

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் குருபரப்பள்ளி. சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின் இந்த ஊர் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் போன்ற மின்னணு ஆலைகளின் பெயரால் வெளியே அறியப்படுகிறது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் நிலைமை வேறு. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர், போச்சம்பள்ளி என்று மாந்தோப்புகள்தான் இந்த மாவட்டத்தின் பழைய முகவரி. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகும் முன்பே இங்கு மாங்கூழ் ஆலைகள் இருந்தன. ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபீடா, இந்தியாவின் மாங்கூழ்த் தொழிலுக்கு இரண்டு பெரிய மையங்களைச் சொல்கிறது. ஒன்று ஆந்திரத்தின் சித்தூர், மற்றொன்று கிருஷ்ணகிரி.

இங்கே கூழாவது பெரும்பாலும் தோத்தாபுரி. உள்ளூரில் அதைப் பெங்களூரா என்பார்கள். முனை வளைந்திருப்பதால் கிளிமூக்கு என்றும் பெயர். தட்டில் வைத்துச் சாப்பிட அல்போன்சாவோ மல்கோவாவோ தேடுகிறவர் இதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் தாராளமாகக் காய்க்கும், சதைப்பற்று அதிகம், கூழாக்கினால் நிறம் நன்றாக நிற்கும். ஆலைக்கு வேண்டியது அதுதான். 1976இல் வந்த மாசாவும் 1985இல் பார்லே ஆக்ரோ அட்டைப்பெட்டியில் அடைத்து இறக்கிய ஃப்ரூட்டியும் இந்தியச் சந்தையில் மாம்பழ பானத்துக்கு நிலையான கிராக்கியை உண்டாக்கின. வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவும் வெளிச்சந்தை. சவூதி அரேபியாவும் ஏமனும் நெதர்லாந்தும் பல ஆண்டுகளாக வாங்குவோர் பட்டியலில் இருப்பவை.

மாங்கூழ் ஆலையின் சிக்கல் காலத்தில் இருக்கிறது. பழம் வருவது கோடையின் மூன்று மாதம். கூழ் விற்பது ஆண்டு முழுக்க, சில சமயம் அடுத்த ஆண்டும். ஆகவே கூழை அடைக்கும் கொள்கலன் ஒன்றரை, இரண்டு ஆண்டு கெடாமல் தாங்க வேண்டும். பழத்தின் தரத்தை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். கொள்கலனின் குறை பத்து மாதம் கழித்து, வேறொரு நாட்டில், வேறொருவர் அதைத் திறக்கும்போது தெரியவரும். பேக்கிங் பற்றிய விதிகள் எல்லாமே இந்தக் கால இடைவெளியிலிருந்துதான் பிறந்தன.

உணவை வெப்பப்படுத்திக் காற்றுப்புகாமல் அடைத்தால் கெடாது என்பதை நிரூபித்தவர் பிரான்சின் நிக்கோலா அப்பேர். 1810இல் பிரெஞ்சு அரசு அதற்காக அவருக்கு 12,000 ஃப்ராங்க் பரிசு கொடுத்தது. அவர் பயன்படுத்தியது கண்ணாடிக் குடுவை. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கொள்கலனுக்குக் காப்புரிமை பெற்றார். ஏன் கெடுவதில்லை என்பதற்குக் காரணம் தெரிய லூயி பாஸ்டருக்காக இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய டின்களின் மூட்டுகள் காரீயம் கலந்த பற்றாசால் அடைக்கப்பட்டவை. உணவுக்குள் காரீயம் இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடியையும் உடலையும் இரண்டு மடிப்பாகச் சேர்த்து அழுத்தும் முறை வந்ததும் மேல் மூடிக்குப் பற்றாசு தேவையற்றதாயிற்று. ஆங்கிலத்தில் அதைச் சானிட்டரி கேன் என்றார்கள். நம் ஆலைகளில் இன்றும் ஓ.டி.எஸ். டின் என்கிறார்கள். பக்க மூட்டுகளில் மட்டும் காரீயப் பற்றாசு வெகுகாலம் தொடர்ந்தது. அமெரிக்கா அதை முற்றிலும் தடை செய்தது 1995இல்தான்.

இந்தியாவில் டின் தகடு ஜாம்ஷெட்பூரில் 1920களில் உற்பத்தியாகத் தொடங்கியது. 1933இல் கல்கத்தாவில் மெட்டல் பாக்ஸ் நிறுவனம் வந்தது. ஆனால் தென்னிந்தியப் பழ ஆலைகளுக்கு அறிவு வந்த இடம் மைசூர். 1950 அக்டோபரில் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எந்தப் பழத்தை எவ்வளவு நேரம் எந்த வெப்பத்தில் அடைக்க வேண்டும், எந்த டின்னுக்கு உள்ளே எந்தப் பூச்சு வேண்டும் என்பவற்றை ஆய்ந்து தொழிலுக்குச் சொல்லிக்கொடுத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னையைவிட பெங்களூரு பக்கம், மைசூரும் எட்டும் தூரம். மாநில எல்லை நிர்வாகத்துக்குத்தான். தொழிலறிவு எல்லையைக் கடந்தே வந்தது.

டின் காலத்து மாங்கூழ் பெரும்பாலும் ஏ-10 என்ற பெரிய டின்னில் போனது. ஒரு டின்னில் 3.1 கிலோ, அட்டைப்பெட்டிக்கு ஆறு டின். சில்லறைக்கு 850 கிராம் டின். பழத்தைக் கழுவி, பழுக்க வைத்து, கொட்டை நீக்கி, சல்லடையில் அரைத்து, சூடாக்கி டின்னில் ஊற்றி மூடியை மடித்து, பின் கொதிநீரில் வேக வைப்பார்கள். மாங்கூழின் அமிலத்தன்மை இதற்கு உதவியது. அதன் பிஎச் 4.6க்குக் கீழே இருப்பதால் மிகக் கொடிய பொட்டுலிசக் கிருமி அதில் வளர முடியாது; கொதிநீர் வெப்பமே போதும். இறைச்சிக்கும் பட்டாணிக்கும் வேண்டிய உயரழுத்தக் கொதிகலன் மாங்கூழுக்குத் தேவைப்படவில்லை. சிறிய முதலீட்டில் இத்தனை ஆலைகள் முளைத்ததற்கு இந்த வேதியியலும் ஒரு காரணம்.

அன்று பேக்கிங் சோதனை என்பது கைவேலை. வந்த டின்களில் சிலவற்றை எடுத்து மூடியின் மடிப்பைப் பிரித்து, உடல் கொக்கியும் மூடிக் கொக்கியும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்று மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். அடைத்த டின்களைக் கிடங்கில் அடுக்கிவைத்து, வீங்கியதையும் கசிந்ததையும் பொறுக்குவார்கள். விரலால் தட்டிப் பார்த்து ஓசையில் குறை சொல்லிவிடும் தொழிலாளர்கள் இருந்தார்கள். மூட்டு தவறினால் சில வாரத்திலேயே டின் வீங்கிக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத முக்கிய ஆபத்து வேறு: பழ அமிலம் தகட்டின் வெள்ளீயத்தைக் கரைப்பது. டின் உணவில் வெள்ளீயம் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு அதற்காகவே வைக்கப்பட்டது. உள்பூச்சு சரியில்லாத டின் அந்த வரம்பை மெதுவாக நெருங்கும். மெல்லக் கூடும் இந்த மாதிரிக் குறைக்குத்தான் ஆய்வகம் தேவைப்பட்டது.

சட்டம் இந்தக் காலத்தில் கொள்கலனை எப்படிப் பார்த்தது என்பது கவனிக்கத்தக்கது. உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு 1955 ஜூனில் அமலுக்கு வந்தது. அதே 1955இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் எஃப்.பி.ஓ. எனப்பட்ட பழப்பொருள் ஆணை வந்தது. எஃப்.பி.ஓ. உரிமம் இல்லாமல் யாரும் பழக்கூழோ ஊறுகாயோ ஜாமோ செய்து விற்க முடியாது. உரிம எண் லேபிளில் அச்சாக வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஊறுகாய் பாட்டிலில் எஃப்.பி.ஓ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் பழக்கம் இருந்தது. இந்த விதிகள் துருப்பிடித்த பாத்திரம், எனாமல் பெயர்ந்த பாத்திரம், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் ஆகியவற்றில் வைத்த உணவை உண்ணத் தகாததாகக் கருதின. தெருவில் கூவி வந்து ஈயம் பூசிய தொழிலாளி செய்ததும் இந்தச் சட்டத்தின் நோக்கமும் ஒன்றே.

ஆனால் அந்த விதிகளில் பாத்திரம் செய்தவர் இல்லை. பொறுப்பெல்லாம் உணவு செய்தவர் தலையில். ஆலை டின்னை யாரிடம் வாங்கியது, அந்த டின் எங்கே எப்படிச் செய்யப்பட்டது என்று இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியத் தர நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டு 1952இல் முத்திரைச் சட்டம் பெற்றது. அதன் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொருளின் தரத்தைச் சொன்னது; பொருள் தயாராகும் ஆலையின் சுத்தத்தைச் சொல்வது அதன் முதன்மை வேலையாக இருக்கவில்லை.

பிளாஸ்டிக் வந்ததும் கண்ணால் பார்க்கும் முறை முதல் அடி வாங்கியது. தகரத்தில் துரு தெரியும், கண்ணாடியில் விரிசல் தெரியும். பாலித்தீன் பையிலிருந்து எது உணவுக்குள் இறங்குகிறது என்று யார் கண்ணுக்கும் தெரியாது. 1980களின் தொடக்கத்தில் இந்தியத் தரங்கள் வரிசையாக வந்தன. பாலித்தீனுக்கு ஐ.எஸ். 10146, சோதனை முறைக்கு ஐ.எஸ். 9845. சோதனை முறை எளிமையானது. உணவுக்குப் பதில் அதைப்போல நடந்துகொள்ளும் திரவத்தில் பிளாஸ்டிக்கை வைப்பார்கள்: நீருள்ள உணவுக்குக் காய்ச்சி வடித்த நீர், அமில உணவுக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், எண்ணெய்ப் பண்டத்துக்கு ஹெப்டேன். நெடுநாள் சேமிப்பைப் போலச் செய்ய 40 டிகிரியில் 10 நாள் வைத்துவிட்டு, திரவத்தை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராம், அல்லது ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம் என்பது வரம்பு. ஆய்வகக்காரர்கள் இதை மைக்ரேஷன் சோதனை என்பார்கள். மாங்கூழுக்கு இதில் பொருந்துவது அசிட்டிக் அமிலச் சோதனை. வெறும் நீரில் சோதித்த அறிக்கையைக் காட்டிக் கூழ்ப் பையை விற்க முயல்வோர் இன்றும் உண்டு.

பிளாஸ்டிக் உறை என்பது முதலில் மளிகைக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் வந்தது. 1998இல் வட இந்தியாவில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து டிராப்ஸி நோய் பரவிப் பலர் இறந்தபோது, அரசு சில்லறையில் அளந்து ஊற்றும் எண்ணெயைத் தடுத்து அடைத்த எண்ணெயைக் கட்டாயமாக்க ஆணை இட்டது. அடைத்துவந்தால் நம்பலாம் என்ற எண்ணம் சட்டமான தருணம் அது. உறையை யார் செய்தார் என்ற கேள்வி அப்போதும் எழவில்லை.

மாங்கூழில் பெரிய மாற்றம் ஆசெப்டிக் முறையோடு வந்தது. டின் முறையில் உணவும் கொள்கலனும் ஒன்றாக வேகும். ஆசெப்டிக் முறையில் கூழைத் தனியே 90 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் சூடாக்கி உடனே குளிர்விக்கிறார்கள். கொள்கலனைத் தனியே கிருமி நீக்குகிறார்கள். கிருமியில்லாத அறையில் இரண்டையும் சேர்க்கிறார்கள். நீண்ட வேக்காடு இல்லாததால் நிறமும் மணமும் தப்புகின்றன. அமெரிக்காவில் 1940களில் டோல் நிறுவனத்தின் வில்லியம் மார்ட்டின் டின்களில் இதைச் செய்துகாட்டினார். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் நெல்சன் தக்காளிக்கூழைப் பெரும் தொட்டிகளிலும் பைகளிலும் கெடாமல் வைக்கும் வழியை வளர்த்தெடுத்தார். 2007இல் அதற்காக உலக உணவுப் பரிசு பெற்றார். கூழ்ப் பையின் மூதாதையோ சற்று விசித்திரமானது: 1955இல் வில்லியம் ஷோலே பெட்டிக்குள் பை வைக்கும் முறையைக் கண்டுபிடித்தது பேட்டரி அமிலம் அனுப்புவதற்காக.

கிருஷ்ணகிரி ஆலைகளில் இன்று பெருமளவு போவது 215 கிலோ டிரம். வெளியே இரும்பு டிரம், நடுவே பாலித்தீன் உறை, உள்ளே ஆசெப்டிக் பை. உணவைத் தொடும் அடுக்கு பாலித்தீன். ஆக்சிஜனைத் தடுக்க அலுமினியம் படிந்த பாலியெஸ்டர் அல்லது வேறு தடுப்பு அடுக்கு. பையின் வாயில் ஒரு சிறு மூக்கு, அதற்கு மூடி. பை தயாரிக்கும் ஆலையிலேயே மடித்து அட்டைப்பெட்டியில் அடைத்து, காமா கதிர்வீச்சில் கிருமி நீக்கி அனுப்பிவிடுவார்கள். மாங்கூழ் ஆலையில் நிரப்பும் எந்திரம் நீராவியால் மூக்கைச் சுத்தம் செய்து, மூடியைத் திறந்து, நிரப்பி, மூடும். பையின் உட்புறத்தை அங்கே யாரும் பார்ப்பதே இல்லை. பார்த்தால் அது கிருமியற்ற பையாக இருக்காது.

தொழிலின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் இதுதான். டின்னை மூடியது ஆலையின் எந்திரம், மடிப்பைப் பிரித்துப் பார்த்தது ஆலையின் ஆள். ஆசெப்டிக் பையின் பற்றுமூட்டு, கதிர்வீச்சின் அளவு, பாலித்தீனின் தரம் எல்லாம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் கையில். மூட்டில் ஊசிமுனைத் துளை இருந்தால் 3 கிலோ போகாது, 215 கிலோ புளித்துப் பொங்கும். பேக்கிங் தருபவர் இங்கே வெறும் வியாபாரி அல்லர். கிருமி நீக்கும் வேலையில் பாதியை அவர்தான் செய்கிறார். அவருடைய ஆலைக்குள் நுழைந்து பார்க்க முடியாத ஒவ்வொரு மாங்கூழ் ஆலைக்கும், பார்த்துவந்த மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்பட்டார். சான்றிதழ் அந்த மூன்றாவது ஆளின் வாக்குமூலம்.

அப்படிப்பட்ட மூன்றாவது ஆளை ஏற்பாடு செய்தது அரசு அல்ல, வெளிநாட்டுக் கடைக்காரர்கள். அதன் வேர் இரண்டு. 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனம், முடிந்த பொருளைச் சோதித்துத் தேறுவதைவிட எந்தக் கட்டத்தில் ஆபத்து நுழையும் என்று முன்பே பட்டியலிட்டு அங்கே காவல் வைப்பது மேல் என்று கண்டது. ஹசாப் என்ற அந்த முறையை 1993இல் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஏற்றது. மற்றொரு வேர் பிரிட்டனின் 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். கெட்ட உணவு விற்ற கடைக்காரர், தாம் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக நிரூபித்தால் தப்பலாம் என்றது அந்தச் சட்டம். நிரூபிக்கத் தாள் வேண்டும். ஒவ்வொரு பெரிய கடையும் தன் ஆளை அனுப்பி ஒரே ஆலையைத் திரும்பத் திரும்பத் தணிக்கை செய்த குழப்பம் முடிய, பிரிட்டிஷ் சில்லறை வணிகர் கூட்டமைப்பு 1998இல் பி.ஆர்.சி. என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. 2001இல் பேக்கிங் செய்பவருக்கென்று தனித் தரம் வந்தது. கொள்கலன் செய்தவர் முதன்முறையாகத் தனி ஆளாகக் கணக்கில் வந்தார்.

அதன்பின் வேகம் கூடியது. அமெரிக்கா 2001இல் பழச்சாற்றுக்கும் கூழுக்கும் ஹசாப்பைக் கட்டாயமாக்கி, அயல்நாட்டு ஆலைகளையும் அதில் சேர்த்தது. 2005இல் ஐ.எஸ்.ஓ. 22000 வந்தது. அது எல்லா வகை உணவு நிறுவனத்துக்கும் பொதுவானது. பேக்கிங் ஆலையின் தரை எப்படி, பூச்சித் தடுப்பு எப்படி, மை எங்கே வைப்பது என்று குறிப்பாகச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப 2011இல் பிரிட்டனில் பாஸ் 223 என்ற ஆவணமும், 2013இல் அதைத் தழுவி ஐ.எஸ்.ஓ. 22002இன் நான்காம் பகுதியும் வந்தன. இவற்றை ஐ.எஸ்.ஓ. 22000உடன் சேர்த்துக் கட்டியதே பேக்கிங் ஆலைகளுக்கான எஃப்.எஸ்.எஸ்.சி. 22000. ஆகவே ஐ.எஸ்.ஓ. 22000 மட்டும் வைத்திருக்கும் பை ஆலையையும் எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 வைத்திருக்கும் ஆலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழோ உணவுப் பாதுகாப்பு பற்றி எதையுமே சொல்வதில்லை. அது பொதுத் தர நிர்வாகம்.

பேக்கிங் தரங்கள் ஏன் இவ்வளவு நுணுக்கமாக விரிந்தன என்பதற்கு 2005 நவம்பரில் இத்தாலியில் நடந்ததைச் சொல்வது வழக்கம். அட்டைப்பெட்டியில் அடைத்த குழந்தைப் பாலில் ஐ.டி.எக்ஸ். என்ற வேதிப்பொருள் இருந்ததால் இத்தாலிய அதிகாரிகள் சுமார் 3 கோடி லிட்டர் பாலைப் பறிமுதல் செய்தார்கள். ஐ.டி.எக்ஸ். பாலில் சேர்த்ததல்ல, அட்டையின் உள்ளடுக்கிலும் சேர்த்ததல்ல. வெளிப்புறம் அச்சிட்ட மை புற ஊதா ஒளியில் உடனே காய உதவும் பொருள் அது. அச்சிட்ட அட்டையைச் சுருளாகச் சுற்றும்போது வெளிப்புறம் அடுத்த சுற்றின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மை அங்கே ஒட்டியது. பால் ஊற்றியதும் பாலுக்குள் போனது. உணவைத் தொடாத மையும் உணவைத் தொடும் என்பது இதனால் எல்லோருக்கும் புரிந்தது. மை வாங்கும் கடை, மை மாற்றினால் சொல்ல வேண்டிய கடமை, சுருளைச் சேமிக்கும் முறை எல்லாம் தணிக்கையின் கேள்விகளாயின.

இந்தியச் சட்டம் தன் வழியில் அதே இடத்துக்கு வந்தது. 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் நிறைவேறியது, அதன்கீழ் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற ஆணையம் 2008இல் உருவானது, விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலாயின. அதோடு எஃப்.பி.ஓ. முத்திரை ஓய்வுபெற்றது. பேக்கிங்குக்கென்று தனி ஒழுங்குமுறை 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2019 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காகிதம், உலோகம், பிளாஸ்டிக், கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் இந்தியத் தர எண்ணை அது காட்டுகிறது; அச்சு மைக்கு ஐ.எஸ். 15495. பேரியம், கோபால்ட், துத்தநாகம் போன்ற உலோகங்கள் எவ்வளவு இறங்கலாம் என்று தனித்தனி வரம்பும் வைத்தது. உணவைத் தொடும் பொருளுக்கு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் இணக்கச் சான்று வேண்டும் என்றது. செய்தித்தாளில் உணவைக் கட்டுவதையும் தடை செய்தது. பஜ்ஜியின் எண்ணெயைச் செய்தித்தாளில் ஒற்றி எடுக்கும் தேநீர்க்கடை வழக்கம், சட்டப்படி அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். என்.ஏ.பி.எல். ஆய்வகச் சான்று ஒரு மாதிரியைப் பற்றியது: இந்தப் பை, இந்த அடுக்கு அமைப்பு, இந்தத் தேதியில் தேறியது. எஃப்.எஸ்.எஸ்.சி. அல்லது பி.ஆர்.சி. சான்றிதழ் ஆலையைப் பற்றியது: இந்த இடத்தில், இந்த முறையில் வேலை நடக்கிறது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால், அடுத்த மாதம் வரும் பை அதே பை என்பதற்கு உறுதி இல்லை. இரண்டாவது இருந்து முதலாவது இல்லாவிட்டால், ஒழுங்காக நடக்கும் ஆலை மாங்கூழுக்குப் பொருந்தாத பையை ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கக்கூடும். இந்தியச் சட்டம் முதலாவதைக் கேட்கிறது. ஏற்றுமதி வாங்குபவர் இரண்டையும் கேட்கிறார்.

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கொள்முதல் மேசைக்கு வரும் சான்றிதழ்களில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது முகவரி. சான்றிதழ் கம்பெனிக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஒரு குறிப்பிட்ட ஆலைக்குக் கொடுக்கப்படுகிறது. பெங்களூருவில் விற்பனை அலுவலகம், வேறு மாநிலத்தில் ஆலை, ஓசூரில் கிடங்கு என்று ஒரே சப்ளையர் மூன்று இடத்தில் இருந்தால், சரக்கு உண்மையில் எந்த ஆலையில் உருவானதோ அந்த ஆலையின் பெயர் தாளில் இருக்க வேண்டும். இடைத்தரகர் தமக்குச் சரக்குத் தரும் ஆலையின் சான்றிதழைத் தம்முடையதுபோல் நீட்டுவது சாதாரணம். அது பொய்ச் சான்றிதழ் அல்ல, வேறொருவரின் சான்றிதழ். அடுத்தது, சான்றிதழ் எந்த வேலைக்கு என்ற வரி. அட்டைப்பெட்டி செய்வதற்கு வாங்கிய சான்றிதழ், அதே வளாகத்தில் ஓடும் பை எந்திரத்துக்குச் செல்லாது. சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்பதும் முக்கியம். இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி., பிரிட்டனில் யூகாஸ் போன்ற அமைப்புகளின் முத்திரை இல்லாத தாள், அச்சகத்தில் கிடைக்கும் தாளுக்குச் சற்றே மேல். எஃப்.எஸ்.எஸ்.சி.யும் பி.ஆர்.சி.யும் தம் சான்றிதழ்களைப் பொதுப் பட்டியலில் வெளியிடுகின்றன. எண்ணைத் தட்டிச் சில நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

தாளுக்கு வெளியே கேட்க வேண்டியவையும் தொழிலின் அனுபவத்திலிருந்து வந்தவையே. பை எந்தத் தொகுதிப் பிளாஸ்டிக் பிசினில் செய்யப்பட்டது என்று தொகுதி எண்ணை வைத்துப் பின்னோக்கிச் செல்ல முடியுமா, ஒவ்வொரு தொகுதிக்கும் கதிர்வீச்சு அளவின் பதிவு வருமா, பிசினையோ பசையையோ மையையோ மாற்றினால் முன்கூட்டி எழுத்தில் தெரிவிப்பார்களா. கடைசிக் கேள்விக்குத் தயங்கும் சப்ளையரிடம் மற்ற எல்லாச் சான்றிதழும் இருந்தாலும் பயனில்லை. ஒரு பருவத்தின் கூழ் முழுதும் மூன்று மாதத்தில் அடைபட்டுவிடுவதால், நடுவில் மாறிய பசையை அடுத்த பருவத்துக்கு முன் யாரும் கவனிக்கப்போவதில்லை.

சான்றிதழ் முறைக்கு எல்லையும் உண்டு. அமெரிக்காவில் 2008, 2009இல் சால்மொனெல்லா பரவி 9 பேர் இறந்து 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, அதற்குக் காரணமான நிலக்கடலை ஆலை அதற்குச் சற்று முன்தான் தனியார் தணிக்கையில் மிக உயர்ந்த மதிப்பீடு பெற்றிருந்தது. தணிக்கைக்குப் பணம் கொடுப்பவர் தணிக்கைக்கு உள்ளாகுபவரே என்பதும், தேதியை முன்பே சொல்லிவிட்டு வருவதும் இந்த முறையின் பிறவிக் குறைகள். அதனால்தான் எஃப்.எஸ்.எஸ்.சி.யும் பி.ஆர்.சி.யும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் வரும் தணிக்கையைக் கட்டாயமாக்கின. மாங்கூழ் போன்ற பருவத் தொழிலில் இன்னொரு சங்கடம்: ஆலை ஓடாத மாதத்தில் வரும் தணிக்கையாளர் பார்ப்பது கழுவித் துடைத்த எந்திரத்தை.

செலவுச் சுமையும் சமமாக விழவில்லை. தணிக்கைக் கட்டணம், பயிற்சி, ஆய்வகச் செலவு எல்லாம் பெரிய ஆலைக்கும் சிறிய ஆலைக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. டின் காலத்தில் ஒரு கொதிநீர்த் தொட்டியும் மூடி மடிக்கும் எந்திரமும் வைத்துத் தொடங்க முடிந்த தொழிலில், சிறியவர் இன்று பெரிய ஆலைக்குக் கூலிக்குக் கூழ் அடித்துக் கொடுப்பவராகவோ, உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் விற்பவராகவோ ஒதுங்குகிறார். பேக்கிங் பக்கமும் இதே கதைதான். டிரம்முக்கும் அட்டைப்பெட்டிக்கும் அருகில் உள்ள பட்டறையைத் தேடும் ஆலை, ஆசெப்டிக் பைக்குச் சான்றிதழ் உள்ள சில பெரிய பெயர்களையே சுற்றிவருகிறது.

கொள்கலன் பற்றிய கேள்விகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டின்னின் உள்பூச்சான எபாக்சி லாக்கரில் இருக்கும் பிஸ்பெனால்-ஏ என்ற பொருளை உணவைத் தொடும் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை செய்தது. தடை 2025 ஜனவரி 20 முதல் அமலில் இருக்கிறது. பழைய பூச்சிலிருந்து மாறிக்கொள்ளப் பொருளுக்கு ஏற்ப அவகாசம் தரப்பட்டுள்ளது. 3.1 கிலோ டின்னில் ஐரோப்பாவுக்குக் கூழ் அனுப்பும் ஆலை, தன் டின் சப்ளையரிடம் லாக்கரின் பெயரையும் அது மாறிய தேதியையும் இணக்க அறிவிப்போடு எழுத்தில் வாங்கி, அந்தந்தத் தொகுதி எண்ணோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டியிருக்கிறது.